இருவருக்கும் வந்த எண்

என் தங்கையும் நானும் கடைசிவரை ஒரே சீப்பைத்தான் பயன்படுத்தினோம். கணக்கை மட்டும் தனித்தனியாகப் போட்டோம். அது எங்கள் தொழிலின் ஒழுங்கு. ஐயா பொறுமைசாலியாகத் தெரிகிறீர்கள், கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

எலக்ட்ரான் சீரான உருண்டையா, ஒரு பக்கம் துளி சாய்ந்ததா என்பதுதான் கேள்வி. சாய்ந்திருந்தால், காலத்தைப் பின்னோக்கி ஓட்டினாலும் இயற்கையின் விதி மாறாது என்ற சமச்சீர் உடைந்துவிடும். அதைக் கண்டுபிடிக்கக் கனமான அணு உள்ள மூலக்கூறு வேண்டும். அதற்குள் எலக்ட்ரான் உணரும் மின்புலத்தை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். எங்கள் ஆய்வகத்தின் கீழ்த்தளத்தில் சோதனை செய்பவர்கள் அந்த எண்ணை நம்பித்தான் முடிவு சொல்வார்கள். அதனால் இருவர் ஒருவருக்கொருவர் காட்டாமல் கணக்கிட்டு, ஒரே நாளில் விடையை வெளியிடுவோம்.

என் விடை முதலில் வேறாகத்தான் வந்தது. தங்கை குளிக்கப் போயிருந்தபோது சாப்பாட்டு மேசையில் அவளுடைய மடிக்கணினி திறந்தே கிடந்தது. அவள் எண் என்னுடையதைவிடச் சிறியது. அவள் கெட்டிக்காரி, வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆகவே தவறு என்னுடையதுதான் என்று முடிவுகட்டி, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் மாற்றி, அவள் எண்ணுக்குப் பக்கத்தில் வந்ததும் நிறுத்தினேன். இதைத் திருட்டு என்று நான் சொல்லமாட்டேன்.

விடைகள் பொருந்தின. அப்பா போவோர் வருவோரையெல்லாம் நிறுத்திவைத்துச் சொன்னார்.

"ரெண்டு பொண்ணுக்கும் ஒரே மூளைதாங்க. செலவு மிச்சம்."

மறு வருடம் ஒருநாள் காலையில் தங்கை ஆய்வகத்தில் என் அறைக்கு வந்து மேசைமேல் ஏறி உட்கார்ந்தாள்.

"அக்கா, என் மானத்த நானே வாங்கிட்டேன். பழைய ஃபைல்ல ஒரு வரிய அழிக்க மறந்திருக்கேன். உள்ள இருக்கற எலக்ட்ரானையெல்லாம் அசையவிடாம கட்டிப்போட்டிருக்கேன். என் நம்பர் தப்பு." பிறகு நெற்றியைச் சுருக்கினாள். "ஆனா நீ அப்படி எதுவும் பண்ணலையே. உனக்கு எப்படிக்கா அதே நம்பர் வந்துச்சு? உன் ஃபைலக் குடு, சேர்ந்து பாத்துடலாம்."

சந்தேகத்தில் கேட்கவில்லை. அவளுக்குச் சந்தேகப்படவே வராது. என் முதல் எண்தான் சரி என்பது எனக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டுத் தருகிறேன் என்றேன். விஷயம் வெளியே போனால் இருவர் பெயரும் கெடும், அப்பா தலைகாட்ட முடியாது. பெரியவள் நான்தானே யோசிக்க வேண்டும்.

கீழ்த்தள அறையில் திரவ நைட்ரஜன் தொட்டி உண்டு. கசிந்தால் ஆக்சிஜன் குறையும். உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. அதற்காகத்தான் வாசலில் எச்சரிக்கை மணி. அது காரணமில்லாமலும் கத்தும், யாராவது பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டுப் போவார்கள். அன்று நான் அமுக்கினேன். உங்கள் விசாரணை அறிக்கையில் என்னைப் பற்றி இருப்பது இவ்வளவுதான். அதில் பொய்யில்லை.

ஆனால் வால்வு தேய்ந்திருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது தேயவில்லை. எல்லோரும் சாப்பிடப் போனபின் நான்தான் திறந்துவிட்டேன். மணியை அமுக்கியபின், சோதனையின் பழைய அளவீடு ஒன்றைப் பார்த்து வரச்சொல்லித் தங்கையை அனுப்பினேன். அவள் உள்ளே போகும்வரை, வாசலில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் திரையை மறைத்து நின்று பேச்சுக் கொடுத்தேன். கதவைச் சாத்தினேன். பிறகு திரையில் எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது வீட்டில் வாஷிங் மெஷின் வேலை முடிந்து கூவினாலும் எழுந்துவிடுகிறேன். ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறேன். வாசலில் யாரும் இருப்பதில்லை. அப்பா வெளியே போவதையே விட்டுவிட்டார்.

அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், உன்னைப் பார்த்துத்தான் போட்டேன் என்று. அவள் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். "அட லூசு, உன்னோடதுதான்க்கா சரி" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். அது எனக்கு அப்போதே தெரியும். அப்பா பெயர், எங்கள் பெயர் என்றெல்லாம் சற்றுமுன் சொன்னேனே, அதை அடித்துவிடுங்கள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்கியிருக்க முடியாது.