அரை மணி ஆகட்டும்

இல்ல தம்பி, எஞ்சின் ஓட வேண்டாம், அணைச்சுருங்க. அந்தப் புகை வாசல் வழியா உள்ள போச்சுன்னா, ஏறுறதுக்கு முன்னாடியே சின்னவனுக்கு வயித்தப் பொரட்ட ஆரம்பிச்சுரும். ஆங், அவ்வளவுதான். தப்பா எடுத்துக்காதீங்க. மாத்திரை குடுத்து இப்பத்தான் பத்து நிமிஷம் ஆகுது. அது வேலை செய்ய அரை மணி ஆகணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. போன தடவ வண்டி கெளம்புனதுக்கப்புறம் குடுத்தேன். உள்ள போன வேகத்துலயே வெளிய வந்துருச்சு.

ஆமா, என் மக புள்ளைங்கதான். பெரியவளுக்கு ஒம்பது வயசு, சின்னவனுக்கு அஞ்சு. பெரியவள வீட்டுல எல்லாரும் வக்கீலம்மான்னுதான் கூப்பிடுவோம். எதச் சொன்னாலும் ஏன்னு கேப்பா. பதில் சொன்னா, அந்தப் பதில்லருந்தே இன்னொரு ஏன் எடுப்பா. சின்னவன் பட்டாணி. உருண்டையா, ஒரு எடத்துல நிக்காம ஓடிக்கிட்டே இருப்பான். ரெண்டுமே அவங்க அம்மா வச்ச பேருதான். இப்ப அவன் உள்ள ஷூ போட்டுக்கிட்டு இருக்கான். தானேதான் போட்டுக்குவானாம், கை வச்சா கத்துவான். அதுக்கே அரை மணி சரியாயிரும், நீங்க கவலப்படாதீங்க.

கொஞ்சம் அந்தக் கதவத் தொறக்கறீங்களா, உள்ள பாத்துக்கறேன்.

கடைசி சீட்டுல பைய மட்டும் வச்சுக்கலாம் தம்பி. அங்க ஆளு வேண்டாம். அது பின் சக்கரத்துக்கு மேல வருது பாருங்க. ரோட்டுல இருக்குற ஒவ்வொரு குழியும் நேரா வயித்துக்குள்ளதான் எறங்கும். புள்ளைங்களுக்குப் பின்னாடிதான் புடிக்கும்ங்கறது வாஸ்தவம்தான். பின்னாடி வர்ற வண்டிக்காரனுக்கு நாக்க நீட்டலாம், கை காட்டலாம். போன தடவ அப்படித்தான் ரெண்டும் திரும்பி முட்டி போட்டு உக்காந்துக்கிட்டு வந்துச்சுங்க. நானும் சரி, சந்தோஷமா இருக்குதுங்களேன்னு விட்டுட்டேன். பாதி தூரம்கூடத் தாங்கல. வண்டி முன்னாடி போகும்போது கண்ணு பின்னாடி போனா, வயிறு எந்தப் பக்கம்தான் போகும், சொல்லுங்க?

அதனால நடு சீட்டு. ரெண்டு பேரும் நடுவுல, நேரா உங்க கண்ணாடி வழியா ரோடு தெரியுற மாதிரி. நான் ஜன்னல் பக்கம் உக்காந்துக்கறேன். தலை ஆடாம இருக்க ஆளுக்கு ஒரு சின்னத் தலகாணி எடுத்து வச்சிருக்கேன். படப் புத்தகம் எதுவும் எடுக்கல. போனும் கெடையாது. கேட்டா, என் போன்ல சார்ஜ் இல்லன்னு சொல்லிருவேன். நீங்களும் உங்க போனக் குடுத்துறாதீங்க, வக்கீலம்மா உங்ககிட்ட வந்து நைசாப் பேசுவா.

தம்பி, கேக்கவே சங்கடமா இருக்கு. அந்தக் கண்ணாடியில தொங்குதே, பச்சையா ஒரு அட்டை, அத எடுத்துற முடியுமா? வாசனை நல்லாத்தான் இருக்கு. நமக்கு நல்லா இருக்கு, ஆனா மூடுன வண்டிக்குள்ள அதுவே புள்ளைங்களுக்கு எமன். ஓ, உங்க வீட்டம்மா வாங்கி மாட்டுனதா? அய்யய்யோ, அப்பத் தூக்கிப் போடாதீங்க. ஒரு கவர்ல நல்லாச் சுத்தி முன்னாடி பெட்டிக்குள்ள வச்சுக்கங்க, எங்கள எறக்கி விட்டதும் மாட்டிக்கலாம். உங்களுக்கு வீட்டுல ஒரு சண்டைய நான் இழுத்து வைக்கக் கூடாது.

இன்னொண்ணு. வண்டிக்குள்ள அந்த வார்த்தைய மட்டும் சொல்லிறாதீங்க. வாந்திதான், வேற எது. இங்க வெளிய சொல்லிக்கலாம், உள்ள சொல்லக் கூடாது. என் வீட்டுக்காரிக்கு இது புரியவே புரியாது. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ புள்ள மொகத்தப் பாத்து, வருதா, வருதான்னு கேப்பா. வராததும் வந்துரும். என் மக சின்ன வயசுல அப்படித்தான். எந்த வண்டியில ஏறுனாலும் மொகம் வெளுத்துரும். தான் பட்ட பாடு தன் புள்ளைங்களுக்கு வேண்டாம்னுதான் அவ ஒரு வழி கண்டுபிடிச்சா. பட்டாணிக்கு ஒரு மாதிரி இருந்தா, வண்டிக்குக் கால் வலிக்குதுன்னு சொல்லுவான். அப்படிச் சொல்லிட்டான்னா நீங்க எதுவும் கேக்காதீங்க, பாத்து ஓரமா நிறுத்திருங்க. எறங்கி நாலு நடை நடந்தா சரியாயிருவான். வண்டிக்கு ஏது காலுன்னு வக்கீலம்மா குறுக்க வருவா. அது தனி வழக்கு, நான் பாத்துக்கறேன்.

சாப்பாடா? அதெல்லாம் ஆச்சு. ஆளுக்கு ரெண்டு ரொட்டித் துண்டு, ஒண்ணும் தடவாம. பால் குடுக்கல. வெறும் வயித்தோட கூட்டிட்டுப் போனா நல்லதுன்னு ஒரு காலத்துல நெனச்சிருந்தேன். அது தப்பு தம்பி. வெறும் வயிறுதான் இன்னும் பொரட்டும். நானா? எனக்குப் பசிக்கல. வழியில பாத்துக்கலாம்.

இதெல்லாம் எனக்கு முன்னாடியே தெரியும்னு நெனைக்காதீங்க. நான் கிடங்குல மூட்டை எண்ணிக்கிட்டு இருந்தவன். எனக்குத் தெரிஞ்சது உள்ள வந்தது எத்தன, வெளிய போனது எத்தன. நான் பெத்த மக வாந்தி எடுத்தப்பக்கூட அவங்கம்மாதான் துணியப் புடிச்சா, நான் தள்ளி நின்னு பாத்தேன். இப்பத்தான், இவங்க ரெண்டு பேரும் என்கிட்ட வந்ததுக்கப்புறம். என் மக ஆஸ்பத்திரியில படுத்து மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. மாப்பிள்ளை அவளுக்குத் துணையா அங்கேயே கெடக்காரு. என் வீட்டுக்காரியும் போன வாரம் அங்க கெளம்பிப் போயிட்டா. அப்புறம் இங்க நானும் இவங்களும்தான். சடை பின்னக்கூடக் கத்துக்கிட்டேன். ஒரு பக்கம் தடியா, ஒரு பக்கம் எலி வாலு மாதிரி வரும். பள்ளிக்கூடத்துல யாரு பின்னுனதுன்னு கேட்டா எங்க தாத்தான்னு சொல்லாத, காத்து பின்னுச்சுன்னு சொல்லுன்னேன். காத்து எப்படித் தாத்தா பின்னும்னு ஆரம்பிச்சுட்டா.

போன தடவ போனதச் சொன்னேன்ல. அன்னைக்கு வேற வண்டி, வேற ஆளு. அவரக் கொற சொல்லல, வேகமா வாங்கன்னு நான்தான் சொன்னேன். பாக்க விடுற நேரம் தவறிரக் கூடாதேன்னு. குறுக்கு வழியில வளைவு திருப்பம் எல்லாம் சுத்துன சுத்துல, போய் எறங்கும்போது ரெண்டும் வாடுன கீரை மாதிரி தொவண்டு போச்சுங்க. அவங்கம்மாவுக்குக் காட்டணும்னு வக்கீலம்மா புதுச் சட்ட போட்டுட்டு வந்தா. அதுல முன்பக்கம் பூரா கறை. மாத்த இன்னொண்ணு எடுத்துட்டு வரணும்னு எனக்குத் தோணல.

அந்த நெலமையிலயும் என் மக எந்திரிச்சு உக்காந்தா தம்பி. கையில ஊசி குத்தி டியூப் தொங்குது. நர்சம்மாகிட்ட ஒரு கிண்ணத்துல தண்ணி வாங்கி, அந்தக் கையாலயே ரெண்டு பேருக்கும் மொகம் தொடச்சு விட்டா. சட்டையையும் தொடச்சா. என்னப் பாத்து சிரிக்கிறா. அப்பா, கிடங்குல ஒரு மூட்ட கொறஞ்சாலும் கண்டுபுடிப்பீங்களே, இங்க புள்ளைங்க மொகத்துல பாதியக் காணோம், பாக்கலையான்னு கேட்டா.

நான் கிண்ணத்துத் தண்ணிய மாத்தி எடுத்துட்டு வந்தேன். எனக்குப் பேச்சு வராது, அது அவளுக்கும் தெரியும்.

அப்புறம் ரெண்டும் அவ கட்டிலு மேலயே சாஞ்சு தூங்கிருச்சுங்க. வழி பூரா எடுத்த களைப்பு. எழுப்பட்டுமான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டா. பாக்க விட்ட நேரம் முழுக்க அதுங்க தூங்குதுங்க, இவ பாத்துக்கிட்டே இருக்கா. அவளப் பாக்கத்தான் கூட்டிட்டுப் போனேன். கடைசியில அவதான் இவங்களப் பாத்தா. மணி அடிச்சதும் ஆளுக்கு ஒண்ணா தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு நானும் மாப்பிள்ளையும் வெளிய வந்தோம். அப்ப கூப்புட்டுச் சொன்னா. அடுத்த தடவ முழிச்சிருக்குற மாதிரி கூட்டிட்டு வாங்கப்பா, ரெண்டு வார்த்த பேசணும்னு.

அதுலருந்துதான் தம்பி, இந்தப் பைத்தியம் எனக்குப் புடிச்சது. டாக்டரம்மாவக் கேட்டேன். மருந்துக்கடைக்காரரக் கேட்டேன். ரொம்பத் தூங்க வைக்காத மாத்திரையா வேணும்னு கேட்டு, புள்ளைங்க எடைக்குத் தக்கபடி எழுதி வாங்குனேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுறவரக் கேட்டேன். அவரு முப்பது புள்ளைங்கள ஏத்தி எறக்குறவரு, அவருக்குத் தெரியாததா. அவருதான் தூரத்துல இருக்குறதப் பாக்கச் சொல்லுங்க, கிட்டத்துல ஓடுறதப் பாக்க விடாதீங்கன்னு சொன்னாரு. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரரு வேன்ல மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வந்து பாத்தோம். ஒரு நாளு இந்த சீட்டு, ஒரு நாளு அந்த சீட்டு. ஜன்னலத் தொறந்து ஒரு நாளு, மூடி ஒரு நாளு. தெருவுல சிரிச்சாங்க. பெரியவரு புள்ளைங்கள நெலாவுக்கு அனுப்பப் போறாரு, அதான் ஒத்திகைன்னாங்க. சிரிக்கட்டும். கடைசி நாலு தடவையும் பட்டாணி வாயத் தொறக்கல தம்பி. பாட்டுக்கூடப் பாடிட்டு வந்தான்.

புது ரோடா? நேரா இருக்கும், சீக்கிரம் போயிரலாம், தெரியும். இல்ல தம்பி, பழைய ரோட்டுலயே போங்க. ஏரிக்கரையோரமா போகுதே, அது. வளைவு அதிகம் இல்ல, மேடு பள்ளமும் இல்ல. நெறைய மரம், நிறுத்துறதுக்கு எடம் இருக்கு. தண்ணியில பறவையெல்லாம் நிக்கும். அங்க ஒரு தடவ எறங்கிக் காட்டணும். அப்புறம் இன்னொரு எடத்துலயும் நிறுத்துங்க. பட்டாணி வண்டிக்குக் கால் வலிக்குதுன்னு சொல்லாட்டியும் நிறுத்துங்க. எவ்வளவு மெதுவா போக முடியுமோ அவ்வளவு மெதுவா போங்க. அவங்க தூங்குனாலும் இன்னைக்கு நான் எழுப்பப் போறதில்ல.

ஆமா. நேத்து போன்ல நான்தான் சொன்னேன். பாக்க விடுற நேரத்துக்கு முன்னாடி போயாகணும், ஒரு நிமிஷம் பிந்தக் கூடாதுன்னு. ரெண்டு தடவ போன் பண்ணிச் சொன்னேன். நீங்களும் அதுக்காகத்தான் இவ்வளவு வெள்ளென வந்து நிக்கிறீங்க. மறக்கல. அது நேத்து சொன்னது தம்பி.

ஆங், இன்னொண்ணு சொல்ல விட்டுட்டேன். நீங்க அந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருங்க, நான் வழி சொல்றேன். ராத்திரியே என் மகள வீட்டுக்குக் கொண்டு வந்துட்டாங்களாம். விடியறதுக்கு முன்னாடி போன் வந்துச்சு. வாசல் வரைக்கும் போகாதீங்க, கூட்டமா இருக்கும், புள்ளைங்க வண்டியிலருந்தே பாத்துருவாங்க. தெரு முனையில நிறுத்திருங்க. என் வீட்டுக்காரி அங்க வந்து நிக்கிறேன்னு சொல்லியிருக்கா. அவதான் சொல்லுவா. எனக்கு அதச் சொல்ல வராது தம்பி, காலையிலருந்து ஷூ எங்க, சீப்பு எங்கன்னுதான் பேசிக்கிட்டு இருக்கேன்.

இவங்களுக்குத் தெரியாது. அம்மாவப் பாக்கப் போறோம்னுதான் கெளம்பியிருக்காங்க. நாலு மணி நேர ரோடு. பழைய வழியில போனா அஞ்சு, அஞ்சரைகூட ஆகும். அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டுமே.

வேண்டாம் தம்பி, கைய விடுங்க. நான் நல்லாத்தான் இருக்கேன். கதவு சத்தம் கேக்குது, வந்துட்டாங்க. ஷூவ மாத்திப் போட்டிருக்கான் பாருங்க, எடது கால்ல வலது. பரவாயில்ல, வண்டியில மாத்திக்கலாம். நீங்க மொகத்த அப்படி வச்சுக்காதீங்க. பெரியவ ஏன்னு கேப்பா.