விரலால் திறக்கும் மூடி

வெண்டெலின்: …கல்லை உரசித் தீ மூட்டிய நாள் முதல் மனிதகுலம் கருவிகளுக்கு அடிமையாகவே வாழ்ந்து வந்தது. அந்த அடிமைத்தனத்தை, அன்பார்ந்த ஊர்ப் பெருமக்களே, மரம் அறுக்கும் இந்தச் செயின்சாவின் பெட்ரோல் மூடி இன்று ஒழித்துக்கட்டுகிறது. ஸ்பேனர் இல்லை. ஸ்க்ரூடிரைவர் இல்லை. ஒரு விரல். ஒரே ஒரு விரல்…

நேஷா: வெளிய போய் இதைப் பேசிட்டு, அப்புறம்?

வெண்டெலின்: அப்புறம் மூடியைத் திறக்கணும்.

நேஷா: திறந்துச்சா?

வெண்டெலின்: இல்ல.

நேஷா: இன்னொரு விரல் போட்டுப் பாருங்க.

வெண்டெலின்: அஞ்சும் போட்டாச்சு. முட்டிக்கு நடுவுல இடுக்கியும் பாத்தாச்சு.

நேஷா: காதை நிமித்தினீங்களா?

வெண்டெலின்: நிமித்தாம? மூடி மேல மடிஞ்சு கிடக்கிற காதை நிமித்து, கால் சுத்து சுத்து, தானா கையில வரும்னான் கடைக்காரன். காது நிமிருது. மூடி அசைய மாட்டேங்குது.

நேஷா: நம்ம பன்னி மாதிரி. காதைப் பிடிச்சா கத்தும், நகராது.

வெண்டெலின்: ஜன்னல் வழியாப் பாரு. வெளிய என்ன நிலவரம்?

நேஷா: மாசப் பொறப்புல நட்ட மே மரக் கம்பத்தைச் சுத்தி ஊரே நிக்குது. பேண்டுக்காரங்க அதே போல்காவை மூணாந்தடவை வாசிக்கிறாங்க. தலைநகர் லுப்லியானாவுல இருந்து வந்த பத்திரிகைக்காரப் பொண்ணுக்குப் பாதிரியார் ரொட்டி ஊட்டாத குறை. லிப்னிக் ஊர்க்காரங்க டிராக்டர் மேல உக்காந்து சிரிக்கிறாங்க.

வெண்டெலின்: சிரிப்பானுங்க. பேண்டு நிக்கட்டும்னு காத்திருக்கானுங்க. மே மாசக் கடைசி நாள், பேண்டு நிக்கிறதுக்குள்ள சொந்த ஊர்க்காரன் மரத்தைச் சாய்க்கலேன்னா, பக்கத்து ஊர்க்காரன் அறுத்து இழுத்துட்டுப் போலாம்னு எந்தப் பாவி சட்டம் போட்டானோ.

நேஷா: போன வருஷம் அவங்க மரத்தை நாம இழுத்துட்டு வந்தப்போ நல்ல சட்டமாத்தானே இருந்துச்சு.

வெண்டெலின்: தீயணைப்புப் படைத் தலைவன் ஊர் மரத்தைக் கோட்டை விட்டா, நாளைக்கு எவன் என்னைத் தலைவர்னு கூப்பிடுவான்? துணைத் தலைவன் உர்பான் என் தலைக்கவசத்தையே முறைச்சுப் பாத்துக்கிட்டுத் திரியறான்.

நேஷா: போட்டே பாத்துட்டான். கொஞ்சம் தொளதொளன்னு இருக்காம்.

வெண்டெலின்: எப்போ?

நேஷா: இப்போ அதுவா முக்கியம்? என்னங்க… மூடியைத் திறக்காமலே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்களேன்.

வெண்டெலின்: காலி டேங்க்கை வச்சுக்கிட்டா? நேத்து ஊராட்சி ஆபீஸ் முன்னாடி எல்லாருக்கும் உறும விட்டுக் காட்டினேன். கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சுட்டு, விக்கி விக்கிச் செத்துச்சு. நீயும் பாத்தியே.

நேஷா: சும்மா ஒரே ஒரு இழுப்பு…

வெண்டெலின்: மெஷின் விஷயத்துல தலையிடாதே.

நேஷா: சரி.

வெண்டெலின்: ஒரு குறடு மட்டும் இருந்தா…

நேஷா: என்னது?

வெண்டெலின்: ஒண்ணுமில்ல.

நேஷா: குறடுன்னு காதுல விழுந்துச்சு.

வெண்டெலின்: விழுந்தா உள்ளயே வச்சுக்க.

நேஷா: இந்த ஊர்ல ஏது குறடு? போன வாரம்தானே கருவிப் பெட்டி மொத்தத்தையும் மே மரத்தடியில குழி வெட்டிப் புதைச்சீங்க. படையே நின்னு சல்யூட் அடிச்சுது. பாதிரியார் தீர்த்தம் தெளிச்சாரு. 'இனி இவ்வூரில் கருவியைத் தொடுபவன் காட்டுமிராண்டி'ன்னு சபதம் வேற. நானும் கையைத் தூக்கினேன்.

வெண்டெலின்: அது ஒரு குறியீடு.

நேஷா: குறியீட்டைத் தோண்டி எடுக்கவா?

வெண்டெலின்: லிப்னிக்காரன் கண்ணு முன்னாடியா? மானம் போயிரும். நம்ம படையில பாதிப் பேர் என் பேச்சைக் கேட்டு இதே மெஷினை வாங்கியிருக்கான். ஒருத்தன் இதுவரைக்கும் குறை சொன்னதில்ல.

நேஷா: சொல்ல மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை பூசையில முன்வரிசை ஆம்பளைங்க பூராவுக்கும் வலது தொடையில மெஷின் எண்ணெய்க் கறை. எல்லாரும் பாட்டுப் புத்தகத்தை அங்க வச்சு மறைச்சுக்கிட்டாங்க.

வெண்டெலின்: அது உழைப்பின் கறை.

நேஷா: புத்தகத்துலயும் ஊறிருச்சு. இந்தாங்க, இந்தக் கூடையைப் பிடிங்க.

வெண்டெலின்: வால்நட் ரொட்டியா? இப்போ யாருக்குப் பசிக்குது?

நேஷா: துணியைப் பிரிச்சு அடியில பாருங்க.

வெண்டெலின்: …குறடு.

நேஷா: மெதுவாப் பேசுங்க.

வெண்டெலின்: நீ எதுக்குக் குறடு கொண்டு வந்தே?

நேஷா: தோணுச்சு.

வெண்டெலின்: சபதம் பண்ணினவ நீ.

நேஷா: அப்போ குடுங்க. திரும்ப வச்சுடறேன்.

வெண்டெலின்: இரு, இரு. போய்க் கதவுல சாஞ்சு நில்லு.

உர்பான்: தலைவரே? உள்ளயா இருக்கீங்க?

நேஷா: உள்ள வராதே உர்பான். ஜெபம் பண்றார்.

உர்பான்: கதவுக்கு இந்தப் பக்கம் கேக்குது. ஜெபத்துல கடைக்காரனோட அம்மா வந்தாங்க.

நேஷா: எல்லாருக்காகவும்தான் வேண்டிக்கிறார்.

உர்பான்: பத்திரிகைக்காரப் பொண்ணு தலைவரோட விரலை ஒரு படம் எடுக்கணுமாம்.

வெண்டெலின்: எந்த விரலை?

உர்பான்: மூடி திறக்கிற விரலை.

வெண்டெலின்: அது… வீங்கியிருக்கு. அப்புறம் எடுக்கலாம்.

உர்பான்: பேண்டுல குழல் ஊதுறவருக்கும் உதடு வீங்கிருச்சு. இன்னும் ஒரு பாட்டுதான் தாங்குவாராம். உங்களுக்கு முடியலேன்னா, துணைத் தலைவர்ங்கிற முறையில நான் வேணா…

வெண்டெலின்: எனக்கு என்னடா முடியல? போய் அவருக்குப் பிளம் சாராயம் ஊத்து.

உர்பான்: ஊத்தினோம். அப்புறம்தான் வீங்கிச்சு.

வெண்டெலின்: போடா… நேஷா, போயிட்டானா?

நேஷா: போயிட்டான். திருகுங்க.

வெண்டெலின்: திருகறேன்… வருது… வருது நேஷா…

நேஷா: வந்துச்சா?

வெண்டெலின்: காது வந்துச்சு.

நேஷா: மூடி?

வெண்டெலின்: காது மட்டும். பிஞ்சு கையோட வந்துருச்சு.

நேஷா: அப்போ மொட்டை மூடியையே பிடிச்சுத் திருகுங்க.

வெண்டெலின்: ம்ம்ம்… ஆங். திறந்தாச்சு. பாத்தியா? வெறும் கையால.

நேஷா: பாத்தேன்.

வெண்டெலின்: பெட்ரோல் கேனை எடு.

நேஷா: ஊத்தறதுக்கு முன்னாடி உள்ள ஒரு தடவை…

வெண்டெலின்: பெட்ரோல் ஊத்த எனக்குச் சொல்லித் தர்றியா? இருபது வருஷமா… ஐயோ.

நேஷா: என்ன?

வெண்டெலின்: ஊத்தினதும் பொங்கிருச்சு. உள்ள காத்து அடைச்சிருக்கு போல. அத்தனையும் கால்சட்டையில.

நேஷா: எங்க, திரும்புங்க… இடம் சரியில்லியே.

வெண்டெலின்: தொடைச்சு விடு.

நேஷா: தொடைச்சா இன்னும் பரவுது. பேசாம முழுசா நனைச்சுட்டா வித்தியாசம் தெரியாது.

வெண்டெலின்: தீயணைப்புப் படைத் தலைவன், உடம்பு பூரா பெட்ரோலோடயா?

நேஷா: சுருட்டுப் பிடிக்கிறவங்களை நான் தள்ளி நிக்கச் சொல்றேன். முதல்ல மூடியைப் போடுங்க.

வெண்டெலின்: உக்கார மாட்டேங்குது. கோட்டுக்கு நேரா கோடு வச்சாச்சு. ஒருக்களிச்சு நிக்குது. சாய்ச்சா ஒழுகுது.

நேஷா: சாராய பாட்டில் கார்க் இருக்கு. அதை வச்சு அடைக்கலாமா?

வெண்டெலின்: கார்க் கருவியில சேருமா?

நேஷா: சேராது.

வெண்டெலின்: அப்போ குடு… கொஞ்சம் சின்னதா இருக்கே… அமுக்கினா நிக்கும்…

நேஷா: நின்னுச்சா?

வெண்டெலின்: உள்ள போயிருச்சு.

நேஷா: டேங்க்குக்குள்ளயா?

வெண்டெலின்: மிதக்குது.

நேஷா: இருங்க, குறடால எடுக்கறேன்.

வெண்டெலின்: நேஷா, பேண்டு ஏன் நின்னுருச்சு?

நேஷா: மூச்சு வாங்கறாங்களா இருக்கும்.

வெண்டெலின்: அது என்ன உறுமல்?

நேஷா: நான் ஜன்னல் பக்கம் பாக்கல.

உர்பான்: தலைவரே…

நேஷா: ஜெபம் இன்னும் முடியல.

உர்பான்: முடிச்சுக்கச் சொல்லுங்க. தள்ளுங்க, உள்ள வர்றேன். மரம் சாஞ்சாச்சு. லிப்னிக்காரங்க டிராக்டர்ல கட்டறாங்க. நம்ம பேண்டே அவங்களுக்கு வாசிக்கப் போகுது… தலைவரே, உங்க கால்சட்டை…

வெண்டெலின்: அது பெட்ரோல்.

உர்பான்: நான் ஒண்ணும் கேக்கலியே.

வெண்டெலின்: மோந்து பாரு.

உர்பான்: வேண்டாம் தலைவரே. நம்பறேன்.

வெண்டெலின்: இரு. அவங்களுதும் இதே மெஷின்தானே? இதே விரல் மூடி. எப்படித் திறந்தானுங்க?

உர்பான்: திறக்கவே இல்ல. வீட்டுலயே ரொப்பிட்டு வந்திருக்காங்க. ஒரு இழுப்பு. கிளம்பிருச்சு.

வெண்டெலின்: …கேட்டியா நேஷா? நமக்கு ஒரு தலைவர், ஒரு துணைத் தலைவர், ஒரு பேண்டு. வீட்டுலயே ரொப்பிட்டு வரலாம்னு இந்த ஊர்ல ஒருத்தருக்காவது தோணுச்சா?

நேஷா: எனக்குத் தோணுச்சு. காலையிலயே ரொப்பிட்டேன். மூடி ஒழுகிச்சு, குறடு வச்சு இறுக்கினேன்.