பம்புச் சத்தம் கேட்கட்டும்

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரிக் கமிட்டியாரே, பந்தல்குடியிலிருந்தும் எம்.ரெட்டியபட்டியிலிருந்தும் பருத்தி வேலையை விட்டு வந்திருக்கும் உறவுகளே, அழுது முடிக்காத மாணவப் பிள்ளைகளே, வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு முன் பேசியவர்கள், மறைந்த நம் பேராசிரியர் முனைவர் ஆவுடைத்தாயை ராக்கெட் விஞ்ஞானி என்றார்கள். பேனரில் அணுகுண்டுப் படமே போட்டிருக்கிறீர்கள். அந்த அம்மா என்றைக்கு ராக்கெட் விட்டார்? தன் ஆராய்ச்சி என்னவென்று கமிட்டிக் கூட்டந்தோறும் சொன்னாரே, யார் காதில் விழுந்தது? கமிட்டியில் மூத்த ஆளான எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கேட்டது மறக்காது. அதுதான் என் தொந்தரவு.

தலைக்கு மேல் ஓடும் ஃபேனைக் காட்டுவார். "அய்யா, என் மூலக்கூறும் இப்பிடித்தான். ஒரு முனையில மூணு றெக்க. மொத்த உடம்பும் பம்பரமாச் சுத்தும், றெக்க தனியாவும் திருகும். வீடும் ஃபேனும் சேந்து சுத்துனா எப்பிடி இருக்கும்?"

"வீட்டு வரி கூடும் தாயி" என்றார் செயலாளர் சுப்புராஜ். ஆவுடைத்தாயும் சிரித்துவிட்டுப் பம்பு கேட்டார். நாம் வாங்கிக் கொடுக்கும்வரை கூட்டத்துக்குக் கூட்டம் பம்பு. கிணற்றுக்கா? அந்த மூலக்கூறை வைக்கும் கண்ணாடிக் குழாயிலிருந்து காற்றை உறிஞ்ச. அந்தத் திருகலால், மூலக்கூறு காட்டும் நிறமாலைக் கோடு நூலிழை அளவு இரண்டாகப் பிளக்கும்; அந்தப் பிளவை அளப்பதுதான் அவர் வேலை. காற்றும் ஈரமும் புகுந்தால் கோடு தடித்து, பிளவு மறைந்துபோகும். பெங்களூரில் வேலைக்குக் கூப்பிட்டும் போகவில்லை, நம் காய்ந்த காற்று குழாய்க்கு நல்லதாம். நம் வறட்சியை மெச்சிய ஒரே ஆள். "பம்ப நிப்பாட்டிராதீக" என்று ஆஸ்பத்திரியிலும் சொன்னார்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? பதினாறாம் நாள் வரை அவர் புழங்கிய அறையைப் பூட்டுவது மரியாதை என்று, இன்று காலை மெயினை அணைத்து, பூட்டுக்கு மாலையும் போட்டுவிட்டீர்கள்!

அவர் மாணவி முருகலட்சுமி காலையிலிருந்து அந்தக் கதவடியில் கிடந்துவிட்டு, இதோ மேடையடியில் வந்து நிற்கிறாள். ஒரே அளவீடுதான் பாக்கி. மாதக் கடைசியில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். பொழுது சாயும்வரைதான் குழாய் தாங்கும், ஈரம் புகுந்தால் மறுபடி காயவைக்கவே மாதம் போய்விடும் என்கிறாள். சுப்புராஜிடம் சொன்னால், "நம்மூர்ல ஏது பெரியய்யா ஈரம், மழையவே காணோமே" என்கிறார். இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அன்னார் பணியைத் தொடர்வோம் என்று ஆளாளுக்கு உறுதி சொன்னீர்கள். பூட்டிய அறையில் எதைத் தொடர்வது? என் உறுதி இது: அந்தப் பம்பு இப்படியே நின்றுகிடந்தால், ஆவுடைத்தாய் கேட்டதை எல்லாம் கூட்டந்தோறும் நான் கேட்பேன், ஃபேனிலிருந்து ஆரம்பித்து.

சுப்புராஜ், சாவி சட்டப் பையிலதான இருக்கு? குடுங்கய்யா.

முருகலட்சுமி, இந்தா சாவி, போய் மெயினப் போடு தாயி. மாலையை அம்மா படத்துக்குப் போடலாம், கழற்று.

பம்புச் சத்தம் இங்கே வந்து சேரட்டும். அதன்பிறகு எல்லாரும் எழுந்து நின்று மௌனம் காப்போம்.