ஒரு சொம்பு தண்ணீர்

மாதனூரில் ஷூ கம்பெனி அடையாள அட்டையோடு பஸ்ஸில் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

“துணி டயப்பர்ல ஒரு சொம்பு தண்ணி ஊத்திப் பார்த்தேன்க்கா. அப்டியே ஒழுகிடுச்சி.”

“இன்னாடி, புள்ளைக்குப் போட வாங்குனியா, டெஸ்ட் பண்ண வாங்குனியா?”

“கம்பெனில செக்கிங்ல இருக்கறவ சும்மா விடுவேனா?”

“எத்தினி வாட்டி துவைச்ச?”

“புதுசுக்கா. எதுக்குத் துவைக்கணும்?”

“அஞ்சாறு வாட்டி துவைச்சாதான் துணி ஈரத்த இழுக்கும். நல்ல பீஸைப் போய் ரிஜெக்ட் பண்ணிட்டியேடி!”

வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். மடியில் தூங்கும் மகளுக்கு இன்றுதான் முதல்முறையாகத் துணி டயப்பர் போட்டிருந்தேன். ஒரே ஒரு முறை துவைத்தது. நான் கட்டியிருந்தது மாமியாரின் பட்டுப்புடவை.

ஆம்பூர் கல்யாண மண்டபத்துக்கு இன்னும் இருபது நிமிடம்.