விற்காத மின்சாரம்

– ஐஞ்சு போதும், மிஸ்ஸி. ஓராளுக்குப் பத்து யூனிற் பற்றறி எதுக்கு?

– நான் பத்துத்தான் கேட்டனான், தம்பி ஜெஸீம்.

– கணக்கைச் சொல்றன், கேளுங்கோ. உங்களுக்கு ஒரு பிறிஜ், ஒரு ஃபேன், ரெண்டு லைற். ராவைக்கு ரெண்டு யூனிற்றும் போகாது. பத்து யூனிற் பற்றறியும் புது இன்வேட்டரும் எண்டா பத்து லட்சத்துக்கு மேல வரும். பேசாலைக் கடக்கரை உப்புக் காத்துக்கு வெளியில வைக்கவும் ஏலாது, அறை ஒண்டு வேணும்.

– நாலு அறை வீடு இது. மூண்டு பூட்டிக் கிடக்கு. பென்சன் காசும் கிடக்கு. ஆருக்கு வைக்கிறது, சொல்லும் பாப்பம்?

– அப்ப திட்டத்தில சேருங்கோ. கூரையில கிடக்கிற சோலார் பனலால பகல் வெயிலைப் பற்றறியில சேத்து வச்சு, பொழுதுபட லைனுக்குக் குடுத்தா, மின்சார சபை கூடின விலைக்கு எடுக்கும். ஏழெட்டு வருசத்தில போட்ட காசு திரும்பும்.

– விக்க மாட்டன். எந்த நேரமும் அது நிறைஞ்சு கிடக்க வேணும்.

– விக்காட்டி அந்தக் கூடின விலை இல்லை, மிஸ்ஸி. வெறும் செலவு. நான் பற்றறி விக்கிறவன்தான், எண்டாலும் உங்கட தலையில கட்டிவிட்டிட்டுப் போக ஏலாது. வாப்பா அப்பிடிப் பழக்கேல்ல. உண்மையைச் சொல்லுங்கோ, ஆருக்கு இது?

– காதைக் குடுத்துக் கேளும். மதிலுக்கு அங்கால.

– மோட்டர் மாதிரி ஒண்டு ஓடுது.

– ஒட்சிசன் மெசின். என்ர அண்ணன், சிங்கராசா. நெஞ்சு பழுதாப் போச்சு. அண்ணி செத்து மூண்டு வருசம், பிள்ளையள் லண்டனில.

– உங்கட சொந்த அண்ணனோ? ஒரு நாளும் சொன்னதில்லையே.

– பதினாறு வருசம் கதையில்லை. அம்மா செத்தாப் பிறகு காணி பிரிக்கேக்க நான் ஒரு சொல் சொன்னன், அவர் ஒரு சொல் சொன்னார். அடுத்த கிழமை மதில் எழும்பிச்சுது. மாதா கோயிலில அவர் முன் வாங்கில இருப்பார், நான் பின் வாங்கில. பூசை முடிஞ்சு அவர் வெளிக்கிடுமட்டும் நான் எழும்பிறேல்ல.

– இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு.

– முப்பது வருசம் ஆஸ்பத்திரியில நேர்ஸா இருந்தவள், தம்பி. அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு நித்திரை. போன வெள்ளிக்கிழமை மத்தியானம் கரண்ட் போச்சு, மெசின் நிண்டிட்டுது. கடக்கரை முழுக்கக் காத்தாலை சுத்துது, என்ர கூரையில பனலுக்கு மேல வெயில் கொளுத்துது. ஆனா இஞ்சயும் கரண்ட் இல்லை.

– லைன் நிண்டா பனலும் நிண்டிடும். பற்றறி இல்லாத எல்லா வீட்டிலயும் அப்பிடித்தான்.

– அவர் இருமினது கேட்டது. மதிலில கையை வச்சுக்கொண்டு நிண்டனான். அண்ணா எண்டு கூப்பிட வாய் வரேல்ல. நாப்பது நிமிசம். பிறகு ஆரோ ஆட்டோவில ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போனவை. முந்தநாள்தான் திரும்பி வந்தவர்.

– அப்ப, மதிலுக்கு மேலால ஒரு வயர் கேக்கிறியள்.

– ஓம். கரண்ட் இல்லாத நேரம் மட்டும்.

– இன்னொரு வளவுக்கு லைன் இழுக்கச் சபை விடாது. அதைவிட, அவரும் ஓமெண்ண வேணுமே.

– நீர் போய்க் கேளும். சபை இலவசமாத் தருது எண்டு சொல்லும்.

– பொய் சொல்ல மாட்டன், மிஸ்ஸி. உள்ளதைச் சொல்லிக் கேக்கிறன்.

– றெபேக்கா எண்ட என்ர பேரைக் கேட்டாலே கதவைச் சாத்துவார். சரி, போட்டு வாரும்.

*

– வந்திட்டீரே. தேத்தண்ணியும் ஆறிப்போச்சு. என்ன சொன்னவர்?

– உள்ளதைச் சொன்னன். மூக்கில குழாயோட கதிரையில இருந்தார். பிறகு கேட்டார், அண்டைக்கு மதிலடியில ஆரோ நிண்டது மாதிரிக் கிடந்தது, அவளோ எண்டு. ஓம் எண்டன்.

– வயருக்கு என்ன சொன்னவர்?

– வேண்டாமாம்.

– தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் உம்மை அனுப்பினனான். விடும் தம்பி, பற்றறியும் வேண்டாம்.

– நான் சொல்லி முடிக்கேல்ல, மிஸ்ஸி. மெசினுக்குச் சில்லு இருக்காம். உங்களுக்குச் சம்மதமெண்டா அதை உருட்டிக்கொண்டு, உடுப்பையும் எடுத்துக்கொண்டு, இஞ்சயே வந்து இருக்கிறன் எண்டு சொல்லச் சொன்னவர்.