கண்ணாடி ஏத்தின வண்டி

— ஸ்பேனரைக் கீழ வை, அக்கா. முன்கண்ணாடி போச்சு, போதும்.

— கிட்ட வராதடா தம்பி. உன் மேலயும் விழும்.

— அப்பா போய் மூணு மாசம் ஆகல. அவரு வண்டியைப் போட்டு இந்த அடி அடிக்கிறியே. ஆளுக்கு ஒண்ணுன்னு பேசித்தானே வந்தோம்?

— எங்க பேசினோம்? செடான் உனக்கு, ரோட்ஸ்டர் எனக்குன்னு நீயா முடிவு பண்ணிட்டு சாவியை நீட்டுற.

— பின்ன? செடான் குடும்ப வண்டிக்கா. நாலு கதவு, மெத்தை மாதிரி சீட்டு. கண்ணாடிய ஏத்திட்டா வெளிச்சத்தம் ஒரு பொட்டு உள்ள வராது. எனக்குப் பொண்டாட்டி இருக்கா, நாளைக்குப் பிள்ளைங்க வரும். ரோட்ஸ்டர் பார்க்கத்தான் லட்சணம். ரெண்டே சீட்டு, கூரை கிடையாது, தூறல் போட்டா தொப்பலா நனையணும். அம்மாதான் எங்க கிளம்பினாலும் அதுலதான் வருவேன்னு அடம்பிடிப்பாங்க.

— ஏன்னு என்னைக்காவது கேட்டியா?

— தெருவே திரும்பிப் பார்க்கும்ல. அந்த ஆசைதான்.

— தெருவே பார்க்கும். அதனால அதுல வச்சு அப்பா கை நீட்ட மாட்டாரு.

— என்ன சொல்ற நீ?

— வெளிச்சத்தம் உள்ள வராதுன்னியே, உள்சத்தமும் வெளிய போகாதுடா. ஆள் இல்லாத இடமாப் பார்த்து ஓரங்கட்டுவாரு. நாலு கண்ணாடியையும் நிதானமா ஏத்துவாரு. அப்புறம் அம்மா முடியைக் கையில சுத்திக்கிட்டு, தலையை அம்மா உக்கார்ற பக்கத்துக் கதவுல மோதுவாரு. ஒரு தடவை பல்லு தெறிச்சு, பின்னாடி என் மடியில வந்து விழுந்துச்சு.

— பொய். பின்சீட்டுல நானும்தானே இருப்பேன்?

— அப்போ உனக்கு நாலு வயசு. என்ன ஞாபகம் இருக்கு, சொல்லு.

— நீ என் முகத்தை மடியில அமுக்கிக்கிட்டு, காதைப் பொத்திப் பொத்தி எடுப்ப. விளையாட்டு காட்டுவ.

— பொத்தினேன். எடுக்கவே இல்லடா.

— அக்கா.

— தள்ளு. அந்தக் கதவை உடைக்கணும்.

— விடு ஸ்பேனரை. விடுங்கிறேன்ல.

— கையை முறுக்காத. முறுக்காதடா.

— ஐயோ, ஸ்பேனரால மணிக்கட்டுலயே அடிச்சிட்டியே. எலும்பு போச்சுக்கா, உள்ள நொறுங்கின மாதிரி இருக்கு.

— கிட்ட வராதன்னு முதல்லயே சொன்னேன்.

— செஞ்சது அவரு. அதுக்கு என் கையை உடைப்பியா? அவரு படுத்ததுலேர்ந்து ஒரு வருஷமா இந்த செடானை நான்தான் ஓட்டுறேன். என் பொண்டாட்டியை இதுல எத்தனை இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன். இதோ ஷெட்டு வாசல்லதானே நிக்கிறா, அவளையே கேளு. ஏய், எங்க அக்காகிட்ட சொல்லு. நான் அந்த மாதிரி ஆளா?

— அண்ணி, நான் உக்கார்ற பக்கத்துக் கண்ணாடி இன்னும் அப்படியே இருக்கு. ஸ்பேனரை இப்படிக் குடுங்க.