பிரேக் பெட்டி சொன்னது

ராத்திரி ஒன்றரை மணி. காங்வான் மலை ரோடு. ரெண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குப் பனி... எதிர்ல ஒரு வண்டி கிடையாது. புது வண்டியை ஓட்டிச் சோதிக்கிற டெஸ்ட் டிரைவர் தேஷிக் செத்தது அங்கதான். வளைவுல வேகம் குறையாம நேராப் போய்... பள்ளம்.

என்கூட ஒரே ரூம்ல தங்கியிருந்த சோங்ஹோவோட சொந்த அண்ணன் அவர். நான் சொல்லப்போறது தேஷிக்கோட சம்சாரம், சோங்ஹோவோட அண்ணி ஹேரனுக்கு நடந்தது. கிட்ட வந்து உக்காருங்க.

ஹேரனுக்கும் அதே கம்பெனியிலதான் வேலை. வண்டிக்குப் பிரேக் பெட்டி, அதான் பிரேக்கைக் கட்டுப்படுத்துற எலக்ட்ரானிக் பெட்டி, செய்யுற கம்பெனி. பிரேக் சில நேரம் பிடிக்கலன்னு தேஷிக் பல தடவை சொல்லியிருக்கார். ஒருத்தனும் காதுல வாங்கல. செத்தப்புறம், "தூங்கிட்டாரு, பிரேக்கையே மிதிக்கல"ன்னு முடிச்சுட்டாங்க. சாவு வீட்டுல வந்தவங்களுக்கு வச்ச சூப்பை உறிஞ்சிக்கிட்டே கம்பெனி மேனேஜர் குவாக் சொன்னான்: "வண்டியிலேர்ந்து பெட்டியைக் கழட்டி வச்சிருக்கோம். நீங்களே சோதிச்சுப் பாருங்கம்மா. மனசு ஆறும்."

கம்பெனியில எல்லாரும் வீட்டுக்குப் போனப்புறம் ஹேரன் லேப்ல தனியா உக்காந்தாங்க.

வண்டியில இஞ்சினுக்கு ஒரு பெட்டி, பிரேக்குக்கு ஒண்ணு, ஸ்டீயரிங்குக்கு ஒண்ணு. எல்லாம் முறுக்கின ரெண்டே கம்பியில தொங்கும். ஒண்ணு பேசினா மத்ததெல்லாம் கேக்கும். ஏதாவது ஒண்ணாச்சும் 'கேட்டுச்சு'ன்னு பதில் கொடுக்கணும். கொடுக்கலேன்னா... பேசின பெட்டி அதையேதான் சொல்லிக்கிட்டே இருக்கும். நிறுத்தாது.

மேஜையில அந்த ஒரு பெட்டி மட்டும். கூட ஒரு கம்ப்யூட்டர்... அது சும்மா ஒட்டுக் கேக்கும், பதில் கொடுக்காது. கரண்ட் கொடுத்தாங்க.

டிக்.

திரை பூரா ஒரே வரி. பெடல் முழுசா மிதிபட்டிருக்கு. பெடல் முழுசா மிதிபட்டிருக்கு. பெடல் முழுசா...

மேஜையில பெடலே இல்ல.

கருகின ரப்பர் வாசனை. அதுக்குள்ள ஈரப் பனி வாசனை. மேனேஜருக்குப் போன் போட்டாங்க.

"அவர் மிதிச்சிருக்காருங்க! இந்தப் பெட்டி கத்திக்கிட்டே இருந்திருக்கு. மத்தது எதுவும் கேக்கல!"

அந்தப் பக்கம் யாரோ மைக்குல பாடுற சத்தம். "அடிபட்ட பெட்டி என்னவேணா உளறும்மா. அணைச்சுட்டு வீட்டுக்குப் போங்க. காலையில அதை நசுக்கப் போறாங்க."

வச்சுட்டான்.

ஹேரன் அழல. பெட்டியைப் பார்த்து, "உயிரோட இருந்தப்பவே உங்க பேச்சை எவன் கேட்டான்"னாங்க. அப்புறம்... கம்ப்யூட்டரைப் பதில் கொடுக்குற மாதிரி மாத்திவிட்டாங்க.

ஓடிக்கிட்டிருந்த வரி சட்டுனு நின்னுச்சு.

ரொம்ப நேரம் ஒண்ணுமில்ல. அப்புறம் மெதுவா... பெடல் பாதி. பெடல் கால்வாசி. கால் எடுத்தாச்சு.

காலையில பெட்டியை நசுக்கிட்டாங்க. கம்பெனி சொன்னதுதான் நின்னுச்சு. இன்னிக்கும் அங்க அவர் தூங்கி விழுந்து செத்தவர்தான். ஹேரன் வேலையை விட்டுட்டாங்க. சோங்ஹோகிட்ட ஒரே ஒரு தடவைதான் இதைப் பத்திப் பேசினாங்க.

"கால் எடுத்தப்புறம் இன்னொரு வரியும் வந்துச்சு தம்பி. டிரைவர் பக்கக் கதவு திறந்ததுன்னு..."

பிரேக் பெட்டிக்கும் கதவுக்கும் சம்பந்தமே கிடையாது. கதவு திறந்தா அதுக்குத் தெரியவே தெரியாது.